போரும் குற்றமும் வரலாறும்: மதிப்புரைக்கு ஓர் இலக்கணம்

தமிழ்ச் சூழலில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. மண்டபம் நிறைகிறது, மாலை விழுகிறது, முதல் நூலைப் பெற்றுக்கொள்ள ஒருவர் மேடையேறுகிறார், நூலாய்வு என்னும் பெயரில் மற்றொருவர் இருபது நிமிடம் பேசுகிறார். விழா முடிந்தபின் அந்நூலை யார் படித்தார், அதில் என்ன கண்டார் என்பது எழுத்தில் பதிவாவது அரிது. பதிவாகும் சிலவும் பாராட்டுரைகளாகவே நின்றுவிடுகின்றன.

வாழ்த்துரை, அணிந்துரை, மதிப்புரை, திறனாய்வு என்னும் நான்கையும் நாம் ஒன்றாக்கிவிட்டதே இதற்கு ஒரு காரணம். வாழ்த்துரை நூலாசிரியரை நோக்கியது. அணிந்துரை நூலாசிரியர் கேட்டுப் பெறுவது; நூலுக்குள்ளேயே அச்சாவது. திறனாய்வு ஏற்கெனவே நூலைப் படித்தவரோடு உரையாடுவது. மதிப்புரை மட்டுமே இன்னும் அந்நூலைப் படிக்காத வாசகருக்காக எழுதப்படுவது. அவர் மதிப்புரையாளரை நம்பி நூலைக் கையில் எடுக்கிறார், அல்லது எடுக்காமலே அதைப் பற்றிய ஒரு கருத்தைக் கொள்கிறார். ஆகவே மதிப்புரையாளரின் முதற்கடமை அவ்வாசகருக்கே உரியது.

எல்லா நூலுக்கும் இது பொருந்தும். எனினும் போர், குற்றம், வரலாறு ஆகியவற்றைப் பேசும் நூல்களில் இக்கடமை இரட்டிப்பாகிறது. இந்நூல்களுக்கு வெளியே உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள். இறந்தவர்கள், இறந்தவர்களின் பிள்ளைகள், குற்றஞ்சாட்டப்பட்டவர்கள், உயிரோடு திரும்பியவர்கள் ஆகியோர் மதிப்புரையைத் திருத்தவோ மறுக்கவோ வாய்ப்பில்லாதவர்கள். அவர்களைப் பற்றிய ஒரு பிழையான வாக்கியம் மாணவரின் கட்டுரைக்குள் நுழைந்து, அங்கிருந்து ஆண்டுமலருக்குச் சென்று, பத்தாண்டுகளில் 'வரலாறு' ஆகிவிடும்.

இத்தகைய நூல்களை மதிப்பிடுவதற்கு இரண்டு கேள்விகளை முன்வைக்க விரும்புகிறேன். சொல்லப்படும் செய்தி எவ்வழி தெரிந்தது? சொல்லப்படும் செயலைச் செய்தவர் யார்? இவ்விரண்டையும் எழுப்புவதற்குப் புதிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. வகுப்பறையில் நாம் கற்பிக்கும் தமிழ் இலக்கணமே போதுமான கருவிகளைத் தந்திருக்கிறது.

1. பாயிரம் கேட்ட 'வழி'

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எவற்றைச் சொல்ல வேண்டும் என்று வரையறுக்கிறது. ஆசிரியர் பெயரும் நூலின் பெயரும் அவற்றுள் அடங்கும்; பொருளும் பயனும் அடங்கும்; இன்னாருக்காக எழுதப்பட்டது என்பதும் அடங்கும். அவற்றோடு 'வழி' என்பதும் ஒன்றாக எண்ணப்படுகிறது. இந்நூல் எந்த முன்னூலிலிருந்து வந்தது, முதல்நூலா, வழிநூலா, சார்புநூலா என்பதே உரையாசிரியர்கள் இதற்குத் தரும் பொருள். இன்றைய மதிப்புரையாளர் இச்சொல்லைச் சற்று விரித்துக்கொள்ளலாம். நூலாசிரியருக்கு இச்செய்தி எந்த வழியாக வந்தது? கண்டதா, கேட்டதா, ஆவணத்தில் படித்ததா, பிறர் நூலிலிருந்து எடுத்ததா, கற்பனை செய்ததா?

நம் மண்ணுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சயாமின் பான் போங் நகரையும் பர்மாவின் தன்பியூசயாட் நகரையும் இணைத்த சயாம்–பர்மா இரயில் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். ஜப்பானிய இராணுவம் நேச நாடுகளின் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோரை அதில் வேலை வாங்கியது; அவர்களுள் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் தொகை இதைவிடப் பன்மடங்கு பெரிது. இரண்டு இலட்சம் அளவில் அது மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பல்லாயிரவர் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள்.

போர்க்கைதிகளுக்குப் படைப்பிரிவுப் பட்டியல் இருந்தது. பெயரும் எண்ணும் பதிவாகியிருந்தன. காஞ்சனாபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். பெரும்பாலோரின் பெயர் கல்லில் இருக்கிறது. தோட்டப் பாட்டாளிகளுக்கு அத்தகைய முழுமையான பெயர்ப்பட்டியல் இல்லை. ஆகவே அவர்களைப் பற்றிய தமிழறிவு பெரிதும் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, உயிரோடு திரும்பியோரின் வாய்மொழி. மற்றொன்று, அவ்வாய்மொழியிலிருந்து பிறந்த எழுத்து. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' ஒரு புதினம்; அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஒரு புதினம்; சீ. அருண் இப்பாதையைப் பற்றி எழுதியது வரலாற்று நூல்.

மாணவர் எழுதும் மதிப்புரைகளில் இம்மூன்றைப் பற்றியும் ஒரே வாக்கியத்தைக் காண முடிகிறது: "இந்நூல் அன்றைய நிகழ்வுகளை அப்படியே படம்பிடித்துக் காட்டுகிறது." இவ்வாக்கியத்தில் 'அப்படியே' என்னும் சொல்லே சிக்கல். அப்படியே என்று சொல்வதற்கு ஒப்பிடத்தக்க வேறொரு சான்று கையில் வேண்டும். அது இல்லாதபோது மதிப்புரையாளர் சொல்லக்கூடியது "என்னை நம்பவைக்கிறது" என்பது மட்டுமே. நம்பவைத்தல் புதினத்தின் வெற்றி. உண்மையென நிறுவுதல் வரலாற்றின் வேலை. இரண்டையும் குழப்பினால் இரண்டு நூல்களுக்கும் அநீதி இழைக்கிறோம்.

2. வினைச்சொல்லின் சாட்சியம்

செய்தவர் யார் என்னும் இரண்டாம் கேள்விக்கு விடை வினைச்சொல்லில் இருக்கிறது. விளக்கத்திற்காக நான் அமைத்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

(அ) தோட்டத்து மக்கள் சயாமுக்குச் சென்றனர்.

(ஆ) தோட்டத்து மக்கள் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

(இ) இராணுவம் ஆள் கேட்டது. தோட்டத்துக் கிராணி பெயர் எழுதிக் கொடுத்தார். சிப்பாய்கள் மக்களை இரயிலில் ஏற்றிச் சென்றனர்.

முதல் வாக்கியத்தில் மக்களே எழுவாய். அவர்கள் தம் விருப்பால் பயணம் போனது போன்ற தோற்றம் எழுகிறது. இரண்டாவது, செயப்பாட்டு வினை. வற்புறுத்தல் தெரிகிறது, வற்புறுத்தியவர் தெரியவில்லை. மூன்றாவதில் மூன்று எழுவாய்கள் வந்துவிடுகின்றன. பொறுப்பும் மூன்றாகப் பிரிகிறது. மூன்றாவது வாக்கியம் எழுதுவதற்கு அரியது. ஆணையிட்டவன் அயலான், பெயர் எழுதிக் கொடுத்தவர் நம்முள் ஒருவராகவும் இருந்திருக்கலாம். ஒரு நூல் எந்த இடத்தில் (இ) போன்ற வாக்கியத்திலிருந்து (ஆ) போன்ற வாக்கியத்திற்கு நழுவுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில்தான் ஆசிரியருக்குச் சொல்லக் கூச்சமோ அச்சமோ இருந்திருக்கக்கூடும்.

இதனால் செயப்பாட்டு வினை குற்றம் என்று முடிவு செய்துவிடலாகாது. செய்தவர் யாரெனத் தெரியாதபோது செயப்பாட்டு வினையே நேர்மையான வடிவம். தெரியாத இடத்தில் ஓர் எழுவாயை வருவித்துச் செய்வினையாக எழுதுவது புனைவு. தெரிந்தும் எழுவாயை மறைப்பது ஒளிப்பு. மதிப்புரையாளர் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

தன்வினை, பிறவினை வேறுபாடும் இவ்வகைச் சான்றையே தருகிறது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. இச்செய்தியை "நூலகம் எரிந்தது" என்றும் எழுதலாம், "நூலகம் எரிக்கப்பட்டது" என்றும் எழுதலாம், "நூலகத்தை எரித்தனர்" என்றும் எழுதலாம். முதலாவது விபத்துக்கும் பொருந்தும். இரண்டாவது செயலைக் காட்டுகிறது. மூன்றாவதில் 'எரித்தனர்' என்னும் வினைமுற்றின் விகுதியே, அவர்கள் யார் என்று கேட்கிறது.

இறப்பைக் குறிக்கும் சொற்களிலும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். 'உயிர்நீத்தார்' என்பது மரியாதைச் சொல். ஆனால் இறந்தவர் தாமே உயிரை விட்டதாக அதன் அமைப்பு காட்டுகிறது. 'பலியானார்' என்பதில் படையல் என்னும் பொருள் ஒட்டியிருக்கிறது. 'தியாகம் செய்தார்' என்றால் அவருக்கு ஒரு தெரிவு இருந்தது என்று பொருள். 1943இல் இரயில் பாதை முகாம்களில் வாந்திபேதி பரவியபோது மருந்தின்றி இறந்த ஒருவரைத் தியாகி என்று எழுதுவது அவருக்குச் சிறப்புச் செய்வதாகத் தோன்றலாம். உண்மையில் அவரைச் சாகவிட்டவர்களின் பொறுப்பை அச்சொல் குறைத்துவிடுகிறது.

3. 'செய்ததை', 'செய்ததாக'

குற்றத்தைப் பேசும் நூல்களுக்கு வருவோம். தமிழில் இரண்டு தொடர்களை ஒப்பிடுங்கள்: "அவர் கொன்றதைச் சாட்சி சொன்னார்", "அவர் கொன்றதாகச் சாட்சி சொன்னார்". முதல் தொடரை எழுதுபவர் கொலை நடந்ததையும் அதை அவர் செய்ததையும் ஏற்றுக்கொண்டுவிட்டார். சாட்சி அதை எடுத்துரைத்தது மட்டுமே புதுச்செய்தி. இரண்டாம் தொடரில் எழுதுபவர் பொறுப்பேற்கவில்லை. அது சாட்சியின் கூற்றாகவே நிற்கிறது. 'ஐ' உருபுக்கும் 'ஆக' என்னும் சொல்லுக்கும் இடையே ஒருவருடைய மானமும் விடுதலையும் தொங்குகின்றன.

இதற்கு வரலாறே ஒரு பாடம் தருகிறது. 'இந்து நேசன்' இதழின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் அன்றைய திரையுலகின் புகழ்பெற்ற கலைஞர்களான எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர், 1945இல் தண்டனை பெற்றனர், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு சென்றது, 1947இல் இருவரும் விடுவிக்கப்பட்டனர். அதே இருவரை 1944இல் 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்றும், 1945இல் 'தண்டிக்கப்பட்டவர்' என்றும், 1947இல் 'விடுவிக்கப்பட்டவர்' என்றும் எழுதுவதே சரி. ஒரு நூல் மூன்று நிலைகளுக்கும் 'கொலைகாரர்' என்னும் ஒரே சொல்லை ஆண்டாலும் பிழை. தொடக்கத்திலிருந்தே 'அப்பாவிகள்' என்று எழுதினாலும் பிழை. ஒவ்வொரு சொல்லும் அதற்குரிய நாளில் நிற்கிறதா என்று பார்ப்பதே மதிப்புரையாளரின் பணி.

இவ்வழக்கைப் பேசும் எந்த நூலிலும் கவனிக்க வேண்டிய மற்றொன்று காரணச்சொல். லட்சுமிகாந்தன் நடத்தியவை நடிகர், நடிகையரின் அந்தரங்கத்தை எழுதிய இதழ்கள். "அவர் அவ்வாறு எழுதினார், அதன்பின் கொல்லப்பட்டார்" என்பது நிகழ்ச்சி வரிசை. "அவ்வாறு எழுதியதால் கொல்லப்பட்டார்" என்பது ஒரு தீர்ப்பு. 'பின்' என்பதைச் சொல்ல நாட்காட்டி போதும். 'ஆல்' என்பதைச் சொல்லச் சான்று வேண்டும். நூலாசிரியர் சான்றைத் தந்திருக்கிறாரா, அல்லது உருபு ஒன்றைச் செருகி வாசகரைக் கடத்திவிட்டாரா? கொல்லப்பட்டவர் விரும்பத்தகாதவராக இருக்கும்போது இக்கேள்வியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

'என்று கூறப்படுகிறது' என்னும் தொடர் இத்தகைய நூல்களில் மிகுதி. பேச்சுவழக்கில் 'வந்தானாம்', 'சொன்னாளாம்' என்று 'ஆம்' இட்டு நாம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுண்டு. அதன் எழுத்துவடிவமே இத்தொடர். இதை நூலில் காணும்போதெல்லாம் பக்க ஓரத்தில் 'யாரால்?' என்று எழுதிப் பாருங்கள். நூலின் பின்பகுதியில் விடை கிடைத்தால் அது ஆய்வு. கிடைக்காவிட்டால் வதந்தி.

4. புதினமும் பிறர் மனமும்

புதினத்தை மதிப்பிடும்போது இக்கேள்விகள் வேறு வடிவம் கொள்கின்றன. புதின ஆசிரியருக்குக் கற்பனை உரிமை உண்டு. 'நினைத்தான்', 'உள்ளுக்குள் அஞ்சினாள்' என்று அவர் எழுதலாம். எப்படித் தெரியும் என்று நாம் கேட்பதில்லை. வரலாற்றாசிரியர் அவ்வாறு எழுதினால் கேட்கவேண்டும். இறந்த ஒருவரின் மனத்துக்குள் ஓடியதை, கடிதமோ நாட்குறிப்போ காட்டாமல் ஒரு நூல் எழுதுமாயின், அட்டையில் 'வரலாறு' என்று அச்சிட்டிருந்தாலும் அந்த இடத்தில் அது புனைவு. ஒரு பள்ளி மாணவரும் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை இது.

ப. சிங்காரம் மேடானில் வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தைத் தென்கிழக்காசியாவில் கழித்தவர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. மேடானும் பினாங்கும் ஜப்பானியர் ஆட்சியும் இந்திய தேசிய இராணுவமும் அதில் வருகின்றன. அவர் வாழ்ந்து கண்டவர் என்பதற்காக அப்புதினத்தின் ஒவ்வொரு காட்சியையும் சாட்சியமாகக் கொள்ளலாகாது. பாண்டியன் என்னும் தலைமைமாந்தன் கற்பனை; கடைத்தெருக்களின் வணிகத் தமிழ் ஆசிரியர் காதால் கேட்டு அறிந்த உலகத்தைச் சார்ந்தது. மதிப்புரையாளர் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினால், புதினத்திடம் எதைக் கேட்கலாம் என்பது வாசகருக்கு விளங்கும். அக்கால வணிகத் தமிழர் எவ்வாறு பேசினர், எதற்குச் சிரித்தனர், ஊரை எவ்வாறு நினைத்தனர் என்பவற்றை ஒரு படைத்துறை அறிக்கை ஒருநாளும் தராது.

ஈழப் போரிலிருந்து எழுந்த புதினங்களில் இக்கவனம் இன்னும் தேவை. 2001இல் வந்த ஷோபாசக்தியின் 'கொரில்லா' புகலிட விண்ணப்பத்தின் வடிவத்தைத் தனக்குள் ஏற்றுக்கொண்ட புதினம். ஆவண வடிவத்தைக் கண்டவுடன் ஆவணம் என்று நம்பிவிடக்கூடாது. அவ்வடிவமும் படைப்பின் ஒரு பகுதியே. அதிகாரி ஒருவர் நம்பும்படி தன் துயரத்தை எழுதவேண்டிய மனிதனின் நிலையையே அது காட்டுகிறது. சயந்தனின் 'ஆதிரை' (2015), தீபச்செல்வனின் 'நடுகல்' (2018) போன்ற பிற்காலப் புதினங்களுக்கு மதிப்புரை எழுதுவோரும் ஆசிரியர் வேறு, கதைசொல்லி வேறு என்பதை மறக்கலாகாது. கதைமாந்தரின் அரசியலை ஆசிரியரின் வாக்குமூலமாக்கி அவரைக் கூண்டில் ஏற்றுவதும், அதே காரணத்தால் அவரைத் தலையில் தூக்கிவைப்பதும் வாசிப்பின் தோல்விகள்.

5. கவிதையின் உண்மை

கவிதைக்கு 'எவ்வழி தெரிந்தது' என்னும் கேள்வியை நேராக வைத்தால் விடை வராது. யாழ்ப்பாண நூலக எரிப்பைப் பற்றி எம். ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையை எண்ணிப் பாருங்கள். கனவொன்றில் புத்தர் சுட்டுக் கொல்லப்படுகிறார். நூல்களைக் கொண்டே அவர் உடல் எரிக்கப்படுகிறது. இதில் எதுவும் 1981இல் நடந்த நிகழ்ச்சியன்று. எனினும் அந்நிகழ்ச்சியைப் பற்றிய மிகக் கூர்மையான தமிழ்க்கூற்றுகளில் ஒன்று அது. புத்தரின் பெயரைப் போற்றும் ஒரு நாட்டில், நூல்களை எரித்த கை யாரை எரித்தது என்பதே அதன் வினா. கனவு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால் கவிதை யாரையும் ஏமாற்றவில்லை. தன் 'வழி'யைத் தானே அறிவித்துவிடுகிறது.

ஆகவே போர்க்கவிதையை மதிப்பிடுபவர் தகவல் சரிதானா என்று மட்டும் பார்த்தால் போதாது. கவிதையின் உருவகம் நிகழ்வைத் தெளிவாக்குகிறதா, மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'குருதிப் பூக்கள்', 'நெருப்பு நதி' போன்ற தேய்ந்த தொடர்கள் எந்தப் போருக்கும் பொருந்தும். எந்தப் போருக்கும் பொருந்துவது ஒரு போரையும் காட்டாது. தீபச்செல்வன் 2008இல் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'பதுங்குகுழியில் பிறந்த குழந்தை'. அந்தப் பெயரில் அணி எதுவும் இல்லை. ஓர் இடம், ஒரு பிறப்பு, அவ்வளவே. போரின் நடுவே வாழ்ந்த மக்களின் நிலை அதில் முழுமையாக இருக்கிறது.

6. 'நாம்', 'நாங்கள்'

போராளிகளும் பாதிக்கப்பட்டோரும் எழுதும் தன்வரலாறுகளை மதிப்பிட, தன்மைப் பன்மையின் இரு வடிவங்கள் உதவுகின்றன. 'நாம்' கேட்பவரையும் உட்படுத்தும். 'நாங்கள்' அவரை விலக்கும். ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ இவ்வேறுபாடு இல்லை. நமக்கு மலாய் மொழியில் 'கீத்தா', 'காமி' என அதே பகுப்பு உண்டு என்பதால் இங்குள்ள மாணவருக்கு இது எளிதில் விளங்கும். ஒரு தன்வரலாற்றில் 'நாங்கள் முடிவெடுத்தோம்' என்னும் வாக்கியம் எந்த இடத்தில் 'நாம் இழந்தோம்' என்று மாறுகிறது? முடிவில் வாசகருக்குப் பங்கில்லை. இழப்பில் பங்கு உண்டு என்று ஆசிரியர் சொல்கிறாரா? 'நான்' என்பது எப்போது வருகிறது, எப்போது கூட்டத்துக்குள் மறைகிறது?

விடுதலைப் புலிகள் இயக்கத்தின் மகளிர் அரசியற்பிரிவில் பொறுப்பு வகித்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவர் 2015 அக்டோபரில் மறைந்தபின், 2016இல் வெளிவந்தது. அதைச் சுற்றிக் கடும் விவாதம் எழுந்தது. விவாதத்தில் பெரும்பங்கு நூலாசிரியர் எந்தப் பக்கம் என்பதைப் பற்றியதாக இருந்தது. தன்னிலை விளக்கம் அளிக்க முடியாத ஒருவரின் நூலை மதிப்பிடும்போது, அவர் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்வதற்கு முன், தாம் கண்டவை எவை, பிறர் சொல்லக் கேட்டவை எவை, பின்னாளில் சிந்தித்து அடைந்த கருத்து எவை என்று அவர் எவ்வாறு பகுக்கிறார் என்பதைக் காட்டுவதே மதிப்புரையாளர் வாசகருக்குச் செய்யும் உதவி.

7. புகழும் எண்ணும்

வரலாற்று நூல்களில் இரண்டு இடங்களில் மதிப்புரையாளர் நிற்க வேண்டும். முதலாவது, புகழ்ச்சியிலிருந்து செய்தியை எடுக்கும் இடம். இராசேந்திர சோழன் ஏறத்தாழ 1025இல் கடாரத்தின்மீது நடத்திய கடற்படையெடுப்பை அவனுடைய மெய்க்கீர்த்தி வழியாகவே நாம் பெரிதும் அறிகிறோம். மெய்க்கீர்த்தி, வென்றவன் தன்னைப் பற்றிக் கல்லில் வெட்டுவித்த வாசகம். கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்பொருள்கள் சொல்வது வேறுவகைச் செய்தி. அவை வணிகத்தையும் வழிபாட்டையும் உலோகத் தொழிலையும் பேசுகின்றன. ஒரு நூல் இவ்விரண்டையும் எடைபோட்டு எழுதுகிறதா, மெய்க்கீர்த்தியை மட்டும் விரித்து எழுதுகிறதா? பெருமிதம் தரும் நூலுக்கே இக்கேள்வியை நாம் தவறாமல் வைக்கவேண்டும். துயரம் தரும் நூலை ஐயுறுபவர் பலர். பெருமை தரும் நூலை ஐயுறுபவர் சிலரே.

இரண்டாவது, எண். சயாம் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 அளவினர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. வேறு மதிப்பீடுகளும் உண்டு. சரியான எண்ணைத் தர முடியாததற்குக் காரணம் ஆய்வாளரின் சோம்பல் அன்று. அவர்களை எண்ணும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை என்பதே. நல்ல வரலாற்று நூல் எண்ணோடு எண்ணியவரையும் சொல்லும். எண்ணைப் பெருக்கிக் காட்டுவதால் இறந்தவர்களுக்கு மதிப்பு கூடுவதில்லை. ஒரு பெருக்கல் வெளிப்பட்டால், மறுப்பவர்கள் முழுத்துயரையும் கட்டுக்கதை என்று தள்ளிவிட இடம் கிடைத்துவிடும். நன்னூல் எண்ணும் நூற்குற்றங்களுள் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் அருகருகே நிற்பது பொருத்தமானதே.

8. வகுப்பறைக்கு

இவற்றை இடைநிலைப்பள்ளி வகுப்பில் எவ்வாறு பயிற்றலாம் என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். முழுநூலைப் படித்தபின், அதிலிருந்து பத்து வாக்கியங்களை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று குறிப்புகள் எழுதட்டும்: வினையின் எழுவாய் யார், இச்செய்தி எவ்வழி வந்தது, ஆசிரியர் இதற்குப் பொறுப்பேற்கிறாரா, பிறர் கூற்றாக வைக்கிறாரா. பத்து வாக்கியங்கள் போதும். நூலின் போக்கு அதற்குள் தெரிந்துவிடும். இலக்கணப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த செய்வினை, செயப்பாட்டுவினை, தன்வினை, பிறவினை ஆகியவை எதற்காக என்பதும் மாணவருக்கு விளங்கிவிடும்.

பிறகு மதிப்புரை நான்கு பத்திகளில் அமையலாம். முதற்பத்தியில் நூல் எத்தகையது, யார் எழுதியது, எதைப் பற்றியது. இரண்டாம் பத்தியில் அதன் வழி. மூன்றாவதில் அது நன்றாகச் செய்திருப்பது, ஓரிரு இடங்களைச் சுட்டி. நான்காவதில் அது விட்டுவிட்டது, மறைத்தது, மிகைப்படுத்தியது. குறை சொல்லும்போது நூலின் பக்கத்தைச் சுட்டுக. ஆசிரியரின் ஊரையோ குலத்தையோ கட்சியையோ சுட்டாதீர். புகழும்போதும் அவ்வாறே. 'அருமை', 'அற்புதம்', 'காலத்தால் அழியாதது' என்னும் சொற்களை எழுதத் தோன்றினால், அவற்றை நீக்கிவிட்டு, அவ்வாறு எண்ணவைத்த இடத்தைக் காட்டுக.

முன்னர்க் குறித்த மாணவர் வாக்கியத்தை இம்முறையில் திருத்திப் பார்ப்போம். "இந்நூல் அன்றைய நிகழ்வுகளை அப்படியே படம்பிடித்துக் காட்டுகிறது" என்பதை இவ்வாறு மாற்றலாம்: "இது புதினம். மாந்தர் கற்பனை. முகாமின் பசியையும் நோயையும் பற்றிய பகுதிகள் திரும்பிவந்தோர் சொன்னவற்றோடு ஒத்துப்போகின்றன. தோட்டத்தில் பெயர் எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றி நூல் ஓரிடத்திலும் பேசவில்லை." நான்கு சிறு வாக்கியங்கள். இவற்றைப் படித்த வாசகர் அந்நூலிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதை அறிந்துகொள்வார். பேசப்படாத அந்த ஒன்றைப் பற்றித் தம் வீட்டு முதியவரிடமோ மற்றொரு நூலிடமோ கேட்கவும் தொடங்குவார்.

சயாமிலிருந்து திரும்பியவர்களில் இன்று நம்மோடு இருப்பவர் மிகச் சிலரே. அவர்களுக்குப்பின் எஞ்சப்போவது நூல்களும், நூல்களைப் பற்றி நாம் எழுதுபவையுமே. பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத அம்மக்களுக்குக் கல்லறை எழுப்பும் ஆற்றல் ஓர் ஆசிரியருக்கோ மாணவருக்கோ இல்லை. 'சென்றனர்' என்று எழுதவேண்டிய இடத்தையும் 'கொண்டுசென்றனர்' என்று எழுதவேண்டிய இடத்தையும் அறிந்து எழுதும் ஆற்றல் அவர்களுக்கு உண்டு.